பசியும் ஆனந்தமும்

பசி பிணியோ வரமோ என்று எவரேனும் எம்மை வினவியிருப்பின், சென்ற ஆடித் திங்கள் வரையில் யாம் சற்றும் தயங்காது, 'பிணியே' என்று விடை பகர்ந்திருப்போம். தமிழ்ச் சிறப்பு வகுப்பில் மணிமேகலையைப் பாடமாகக் கற்கும் மாணாக்கர்க்கு வேறு விடை தோன்றுதல் அரிது. அக்காப்பியத்திலே, எத்துணை உண்டாலும் அடங்காத யானைத்தீ என்னும் பெரும்பசியாற் பன்னிரண்டு ஆண்டுகள் வருந்திய காயசண்டிகையின் வரலாறு வருகின்றது. அதனை யாம் கற்றோம், தேர்விலும் எழுதினோம், நன்மதிப்பெண்ணும் பெற்றோம். ஆயினும் அவ்வரலாற்றின் பொருளை உணர்ந்தது வகுப்பறையில் அன்று. இருக்கன்குடி ஆற்றுமணலில், எம் தந்தையாரின் சேவுக்கடை முன்னர், நாணித் தலைகுனிந்த பின்னரே உணர்ந்தோம். கற்ற கல்வியை அம்பாக எடுத்தெய்யும் இயல்பினர் எம்மையன்றி வேறு சிலரும் இக்கல்லூரியில் இருத்தல் கூடுமாதலின், அந்நிகழ்ச்சியை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

இருக்கன்குடி, சாத்தூருக்குக் கிழக்கே சில கல் தொலைவில், அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் கூடுமிடத்தே அமைந்த சிற்றூர். அங்குள்ள மாரியம்மன் கோயிலைத் தென்பாண்டி நாட்டில் அறியாதார் இலர். ஆடிக் கடைசி வெள்ளியன்று இலட்சக்கணக்கான மக்கள் அவ்விடத்தே திரள்வர். அவருட் பலர் விரதம் பூண்டு, பல ஊர்களினின்றும் இரவெல்லாம் நடந்தே வருவர். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஆற்றுமணலில் அந்நாளில் மக்கள் வெள்ளமே பெருகும். எம் குடும்பம் ஞாயிறு தவறாது ஆலயஞ் செல்லும் கிறித்தவக் குடும்பம். எனினும், எம் தந்தையாரின் தொழில் சாத்தூரிற் சேவு போடுதல் ஆதலால், இருபது ஆண்டுகளுக்கு மேலாக அத்திருவிழாவில் எமக்கும் ஒரு பந்தல் உண்டு. அம்மனைக் காண வருவோர் தருங் காசும் சேர்ந்தே யாம் கல்லூரிச் சம்பளம் கட்டி வருகின்றோம் என்பதை மறைக்க வேண்டுவதில்லை.

கடலைமாவும் அரிசிமாவும் உப்பும் மிளகாய்த்தூளுங் கலந்து பிசைந்து, கண்ணுள்ள கரண்டியின்மேல் வைத்துத் தேய்க்க, அஃது எண்ணெய்ச் சட்டியில் இழையிழையாய் விழும். ஒவ்வோர் ஈடு எடுத்தவுடனும் ஓரிழையை வாயிலிட்டு உப்பும் பதமும் பார்ப்பது தந்தையார் வழக்கம். ஓரிழை இரண்டாகும், இரண்டு ஒரு பிடியாகும். அவர்க்கு நீரிழிவு கண்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வயிறும் பருத்துவிட்டது. எண்ணெய்ப் பண்டத்தை விலக்கி எடையைக் குறைக்குமாறு மருத்துவர் பன்முறை கூறியிருக்கின்றார். அன்னையாரும் மன்றாடிப் பார்த்தார். 'நாளை முதல்' என்பார் தந்தையார். அந்த நாளை இதுகாறும் வந்ததில்லை.

சென்ற ஆடிக் கடைசி வியாழன் மாலை அது. கூட்டம் பெருகிக்கொண்டிருந்தது. தந்தையார் மூன்று இரவுகளாக நன்கு உறங்கவில்லை. விளக்கு வைத்த பின்னர் ஐந்தாம் பிடியை அவர் கையில் எடுத்தபொழுது, யாம் பொறுமையிழந்து, பக்கத்துப் பந்தலார் செவிப்பட, "அப்பா, உங்களுக்கு யானைத்தீ பிடித்திருக்கிறது. காயசண்டிகைக்குப் பிறகு நீங்கள்தான்" என்றோம். யார் அந்தக் காயசண்டிகை என்று பந்தலார் கேட்டனர். கேட்டதே போதும் என்று, தின்னத் தின்ன அடங்காத அப்பெண்ணின் கதையை யாம் கைவீசிச் சொன்னோம். எல்லாரும் நகைத்தனர். தந்தையார் நகைக்கவில்லை, சினக்கவுமில்லை. கையிலிருந்த சேவை மெல்லத் தாம்பாளத்தில் இட்டு, "படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று கூறிவிட்டு, மீண்டும் சட்டியின் முன் நின்றார்.

அன்றிரவு அன்னையார் கொண்டுவந்த சோற்றையும் அவர் உண்ணவில்லை. நீரிழிவுக்குரிய மாத்திரையை மட்டும் மறவாது விழுங்கினார். மூன்றாஞ் சாமத்தில் அவர் கை நடுங்கிற்று. உடல் வியர்வையில் நனைந்தது. சில்லறை எண்ணத் தெரியாது விழித்தார். உணவின்றி மாத்திரை மட்டும் சென்றதனாற் குருதியில் சர்க்கரை தாழ்ந்துவிட்டதென்று அன்னையார் உணர்ந்து, சர்க்கரையைக் கரைத்து வாயில் ஊற்றினார். சற்று நேரத்தில் தெளிந்தார். தெளிந்தவுடன் அவர் கூறிய முதற்சொல், "தம்பி, அடுப்பைப் பார்" என்பதே. எம் நாவிலிருந்து பிறந்த ஒரு சொல், அவரை எத்துணைத் தொலைவு இட்டுச் சென்றுவிட்டது!

நிற்க. விடுமுறை கழிந்து விடுதிக்கு மீண்டபின், எம் அறைத் தோழரும் விலங்கியல் மாணவருமாகிய ஒருவரிடம் இதனை மனம் வருந்திக் கூறினோம். அவர் கேட்டுவிட்டு, "நீர் ஏளனஞ் செய்தது உம் தந்தையாரை மட்டும் அன்று, உடலினுள் பல்லூழி காலமாய்க் காவல் புரியும் ஒரு காவலனையும் ஏளனஞ் செய்துவிட்டீர்" என்றார். அக்காவலனை இன்னான் என்று அறிதற்கு அவர் தந்த நூல்களையும் கட்டுரைகளையும் யாம் பல நாள் படித்தோம். படித்தவற்றுட் சிலவற்றை எம் போன்ற இலக்கிய மாணாக்கர்க்கும் விளங்குமாறு கூறுவோம்.

கஞ்சாவைப் பயன்படுத்தினார்க்குப் பெரும்பசி எழும் என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக அறியப்பட்டது. 1839-ஆம் ஆண்டிற் கல்கத்தாவில் அதன் மருத்துவக் குணங்களை ஆராய்ந்த ஓஷானசி என்னும் ஆங்கில ஆட்சிக்கால மருத்துவரும் இதனைக் குறித்துள்ளார். அப்பூண்டின் மயக்கும் பொருளை 1964-ஆம் ஆண்டில் இசுரேல் நாட்டு அறிஞர்களாகிய மெச்சூலமும் காவோனியும் பிரித்தெடுத்தனர். அப்பொருள் மூளையில் எங்ஙனம் வேலை செய்கின்றது என்னும் வினா அடுத்து எழுந்தது. பூட்டில்லாத இடத்திற் சாவிக்கு வேலையில்லை யன்றோ? 1988-ஆம் ஆண்டில் அப்பூட்டினை ஒத்த ஏற்பி ஒன்று மூளையில் உண்டென அமெரிக்காவில் ஹவ்லெட், டிவேன் என்போர் காட்டினர். சி.பி. 1 என்பது அதன் பெயர். ஒரு களைப்பூண்டை எதிர்நோக்கியா மனித உடல் இப்பூட்டைச் செய்து வைத்தது? இதற்குரிய சாவி உடலினுள்ளேயே இருத்தல் வேண்டும் என்று தேடினர். 1992-ஆம் ஆண்டில், எருசலேம் நகரத்து எபிரேயப் பல்கலைக்கழகத்தில், மெச்சூலத்துடன் பணியாற்றிய டிவேனும் ஹனுசும் பன்றியின் மூளையிலிருந்து அச்சாவியைக் கண்டெடுத்தனர். அதற்கு அவர் இட்ட பெயர் ஆனந்தமைடு என்பது. எருசலேமிற் கண்ட பொருளுக்குப் பெயர் தந்தது, நாம் நாடோறும் வழங்கும் ஆனந்தம் என்னும் வடசொல்லே. 1995-ஆம் ஆண்டில், சுருக்கமாக 2-ஏஜி எனப்படும் இரண்டாஞ் சாவியும் வெளிப்பட்டது. இச்சாவிகளும், பூட்டுக்களும், இவற்றை ஆக்கியும் அழித்தும் நடத்தும் நொதிகளுஞ் சேர்ந்த தொகுதியையே எண்டோகன்னபினாய்டு அமைப்பு என்பர். உடலின் அகத்தே பிறக்குங் கஞ்சாப் போலிகளின் அமைப்பு என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

இப்பொருள்கள் முன்னரே செய்து சேர்த்து வைக்கப்படுவன அல்ல. வேண்டும்பொழுது, வேண்டுமிடத்தில், உயிரணுவின் மேலுறையிலுள்ள கொழுப்பிலிருந்து ஆக்கப்பட்டு, வேலை முடிந்தவுடன் சிதைக்கப்படும். உண்ணாதிருக்கும் வேளையில் மூளையில் இவை பெருகிப் பசியை எழுப்பும். உண்ணும் வேளையில் உணவின் சுவையை இனிதாக்கும். ஈரலிலும் கொழுப்புத் திசுவிலும் நின்று, வந்த உணவைக் கொழுப்பாக்கிச் சேமிக்கத் தூண்டும். சுருங்கக் கூறின், தேடு, உண், மகிழ், சேமி என்னும் நான்கு ஏவல்களை இடும் காவலன் இவ்வமைப்பு.

இக்காவலன் இன்றேல் உயிர் வாழ்க்கை தொடங்குதலே இல்லை எனலாம். தாய்ப்பாலில் 2-ஏஜி உண்டு. 2001-ஆம் ஆண்டில் நடந்த ஆராய்ச்சி ஒன்றில், பிறந்த சுண்டெலிக் குஞ்சுகளுக்கு அவ்வேற்பியை மருந்தால் அடைத்தபொழுது, அவை தாயின் மடியைப் பற்றிப் பால் குடிக்க இயலாது மாண்டன. பிறந்த உயிர்க்கு முதற்கண் அருளப்பட்ட வரம் பசியே போலும்! எம் முன்னோர் வாழ்ந்த கரிசற் சீமையோ வானம் பார்த்த பூமி. 1876 முதல் 1878 வரையில் வாட்டிய தாது வருடப் பஞ்சத்தை இன்றும் முதியோர் பழமொழிபோற் கூறுவர். கம்பங்கூழும் சோளச்சோறும் கிடைத்த நாளில் உண்டு, கிடையாத நாளில் உடலிற் சேர்த்த கொழுப்பைச் செலவிட்டு உயிர் பிழைத்தவர் வழிவந்த உடலே எம் தந்தையாரின் உடலும். அதன் காவலன் பஞ்சத்திற்குப் பழகியவன். எண்ணெய்ச் சட்டியின் முன் இருபத்தைந்து ஆண்டுகள் நிற்குமாறு அவனை எவரும் பழக்கவில்லை.

ஓரிழை ஒரு பிடியாவது எதனால் என்னும் வினாவிற்கும் விடை கிடைத்தது. 2011-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் எலிகளைக் கொண்டு ஆராய்ந்தவர், கொழுப்பு நாவிற் பட்ட மாத்திரத்தே, அது வயிற்றைச் சேராத நிலையிலும், சிறுகுடலில் இப்பொருள்கள் பெருகி மேலும் கொழுப்பை நாடச் செய்வதைக் கண்டனர். சர்க்கரையோ புரதமோ அதனைச் செய்யவில்லை. எனவே பதம் பார்க்கும் ஓரிழையே அடுத்த பிடியை அழைக்கும் தூதாயிற்று. பட்டினி கிடந்த சுண்டெலிகளின் மூளையில் இவ்வமைப்பு மோப்பத்தைக் கூர்மையாக்கி உணவை நாடச் செய்கின்றது என்று பிரஞ்சு நாட்டுப் பொர்தோ நகரத்து ஆராய்ச்சியாளர் 2014-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இதனைப் படித்தபொழுது யாம் திடுக்கிட்டோம். ஏனெனின், அடுப்பை எப்பொழுதும் காற்று வரும் பக்கமாக அமைக்கச் சொல்லி, "விரதக்காரர் மூக்குக்கு ஒரு பர்லாங்கு முன்னாலேயே மணம் தெரியும்" என்று எம் தந்தையார் கூறுவது வழக்கம். பொர்தோவில் அளந்தறிந்த உண்மையின் ஒரு கூற்றை அவர் பந்தலில் நின்றே அறிந்திருந்தார்.

உறக்கத்தின் செய்தி இன்னும் எம்மைச் சுட்டது. சிக்காகோப் பல்கலைக்கழகத்தார் 2016-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், நல்ல உடல்நலமுள்ள இளையோரை நான்கு இரவுகள் நாலரை மணி நேரமே படுக்கவிட்டனர். எட்டரை மணி நேரம் படுத்த நாட்களோடு ஒப்பிட, அவர்தம் குருதியில் 2-ஏஜியின் அளவு பகலில் மிக உயர்ந்து, மாலையிலும் தாழாது நின்றது. போதிய உணவு உண்ட பின்னரும் அவர் கொழுப்பு மிக்க தின்பண்டங்களை விடமாட்டாது மிகுதியாக உண்டனர். மூன்று இரவுகள் உறங்காத ஒருவர் சுடச்சுட எடுத்த சேவின் முன் நின்றாரென்றால், அவர் கையை நீட்டியது பேராசை மட்டுமோ? இவையேயன்றி, சில வித்துக்களின் எண்ணெயில் மிகுந்துள்ள லினோலிக் அமிலம் என்னும் கொழுப்பிலிருந்தே உடல் இச்சாவிகளின் மூலப்பொருளைச் செய்துகொள்கின்றது. சுண்டெலிகளின் உணவிலே அதன் பங்கை ஆற்றல் அளவில் 1 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக உயர்த்தியபொழுது, அவற்றின் ஈரலில் இப்பொருள்கள் பெருகி உடலும் பருத்ததாக 2012-ஆம் ஆண்டு ஆராய்ச்சி ஒன்று கூறும். சுண்டெலிக்கு உரியதெல்லாம் மனிதர்க்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்ளுதல் தகாது. எனினும், வயிற்றிற் கொழுப்பு மிக்க மாந்தர் குருதியில் இப்பொருள்கள் மிகுந்திருத்தல் பலமுறை காணப்பட்டுள்ளது. காவலன் சேமித்த கொழுப்பு, காவலனை மேலும் முடுக்குகின்றது போலும்.

அங்ஙனமாயின் அக்காவலனைக் கட்டிப்போட்டால் என் என்று வினவத் தோன்றும். எமக்கும் தோன்றிற்று, எம் தந்தையார்க்கு ஒரு மாத்திரையில் விடுதலை கிடைக்காதா என்று ஓரிரவு முழுதும் எண்ணினோம். உலகம் அதனையும் செய்து பார்த்துவிட்டது. சி.பி. 1 ஏற்பியை அடைக்கும் ரிமோனபன்ட் என்னும் மருந்து 2006-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் நடந்த சோதனை ஒன்றில், ஓராண்டு அதனை நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் உண்டோர் சராசரி 6.6 கிலோ இளைத்தனர். வெற்று மாத்திரை உண்டோர் 1.8 கிலோவே இளைத்தனர். இடைச்சுற்றளவும் குறைந்தது. ஆயின், பசியோடு வேறொன்றும் குறைந்தது. மருந்துண்டோருட் சிலர்க்கு உள்ளம் சோர்ந்தது, அச்சம் வந்தது, சிலர் உயிரையே வெறுக்கத் தலைப்பட்டனர். 2007-ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆலோசகர் அதனை ஏற்க வேண்டாமென்றனர். 2008-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் விற்பனை நின்றது. 2009-ஆம் ஆண்டில் இந்திய அரசும் தடை விதித்தது. மூளையிற் பசிக்கும் மகிழ்ச்சிக்கும் பூட்டு ஒன்றாய் இருக்க, பசியை அடைத்தவர் ஆனந்தத்தையும் அடைத்துவிட்டனர். ஆனந்தமைடு என்று பெயரிட்டவர் எத்துணைப் பொருத்தமாக இட்டார் என்பது அப்பொழுது விளங்கிற்று.

இதனைக் கேட்ட விடுதி நண்பர் ஒருவர், "அவ்வாறாயிற் கஞ்சா உடலுக்கு உறவுதானே?" என்று விளையாட்டாய்க் கூறினார். அன்று. இருக்கன்குடி அணையில் மடை திறந்து வயலுக்கு வேண்டுமளவு நீர் விடுதல் வேறு; கரை உடைந்து ஊர் அழிதல் வேறு. உடல் துளியளவு செய்து உடனே அழிக்கும் பொருளின் இடத்தில், அப்பூண்டின் பொருள் எங்கும் பரந்து நெடுநேரம் நிற்கும். இளையோர் மூளைக்கு அது கேடு. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதனை வைத்திருத்தல் குற்றமுமாம்.

இவற்றையெல்லாம் அறிந்தபின் மணிமேகலையை மீண்டும் எடுத்துப் படித்தோம். எம் கண்ணிற் படாதன பல அப்பொழுது பட்டன. காயசண்டிகை பொதியில் மலையைக் காண வந்தவள். ஆற்றுமணற் பாங்கில், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உண்ணும் முனிவன் வைத்திருந்த நாவற்கனியை அவள் காலாற் சிதைத்தாள்; அவன் சாபமிட்டான். அவள் பிழை செருக்கேயன்றிப் பெருந்தீனி அன்று. பெருந்தீனி அவள்மேல் வந்து விழுந்த துன்பம். அவளைக் கண்டு நகைத்தவரால் அந்நோய் தீரவில்லை. மணிமேகலை அமுதசுரபியிலிருந்து அன்புடன் இட்ட உணவினாலேயே தீர்ந்தது. காப்பியம் முழுதும் கற்ற யாம், நகைப்பவர் பக்கத்தில் நின்றோம். அன்று ஆற்றுமணலிற் செருக்கினால் ஒன்றைக் காலால் மிதித்தவர் யார் என்று எண்ணிப் பார்க்கையில், விடை எம்மையே சுட்டிற்று. பாலைநிலத்திற் பசித்திருந்த மக்களை ஆண்டவர் அப்பமும் மீனும் அளித்து அமர்த்தி உண்பித்தாரேயன்றி, ஏன் பசித்தீர் என்று கடிந்தாரில்லை என்பதும், ஞாயிறுதோறுங் கேட்டும் எம் செவி புகாத செய்தி.

தீபாவளி விடுமுறையில் வீடு சென்றவுடன் தந்தையாரிடம் மன்னிப்பு வேண்டினோம். யாம் ஆனந்தமைடையும் சி.பி. ஒன்றையும் விரித்துரைக்கக் கேட்டிருந்தவர், இறுதியில், "அப்படியானால் இது என் குற்றம் இல்லையா, தம்பி?" என்று வினவினார். அவ்வினாவிற்கு விடை கூறுதல் எளிதாயில்லை. குற்றமில்லை என்று சொல்லி விட்டுவிட்டால் நோய் நில்லாது. குற்றமே என்றால் மீண்டும் பந்தற் கதையாகும். "பசி உங்கள் குற்றம் இல்லை, அப்பா. அதற்கு நடுவே உங்களைத் தனியாக நிறுத்தியது எங்கள் குற்றம்" என்றோம். அவர் ஒன்றும் பேசவில்லை. அன்னையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பின் சில ஏற்பாடுகளை வீட்டார் கூடிச் செய்தோம். பதம் பார்க்கும் வேலை இப்பொழுது தந்தையாருடையதன்று. அன்னையாரும் கடைப்பையனும் முறைவைத்துப் பார்க்கின்றனர். சட்டியின் முன் நிற்கு முன்னர், கீரையும் பயறும் சேர்ந்த உணவை அவர் வயிறார உண்கின்றார். இரவு வேலையை இருவர் பகிர்ந்துகொண்டமையால் ஆறு மணி நேரமேனும் உறங்குகின்றார். மாத்திரையின் அளவையும் வேளையையும் மருத்துவரிடமே மீண்டுங் கேட்டுத் தெளிந்தோம். மிதமான வேகத்தில் ஓடினோர் குருதியில் இப்பொருள்கள் உயர்வதையும், மெல்ல நடந்தோர்க்கு அவ்வாறு உயராமையையும் 2013-ஆம் ஆண்டு ஆராய்ச்சி ஒன்று காட்டிற்று. ஆனந்தத்திற்கு வாய் ஒன்றே வாயில் அன்று என்பது இதனாற் பெறப்படும். தந்தையார் ஓடும் வயதினரல்லர். ஆயினும் மருத்துவர் இசைவோடு காலையிற் கைவீசி விரைந்து நடக்கத் தொடங்கியுள்ளார். அவர் எடை சிறிதே குறைந்திருக்கின்றது. சேவின்மேல் அவர்க்குள்ள விருப்பம் சிறிதும் குறையவில்லை. இரண்டையும் உள்ளவாறே கூறினோம்.

பிறர் பசியைப் பழிக்கு முன்னர் அதன் வரலாற்றைக் கேட்டறிதல் கற்றவர் கடன் என்பதே யாம் இவ்வாண்டிற் கற்ற பெரும்பாடம். அது எந்தத் தேர்விலும் வினாவாக வரவில்லை. வரும் ஆடிக் கடைசி வெள்ளிக்கும் இருக்கன்குடி மணலில் எம் பந்தல் இருக்கும். யாமும் சட்டியின் அருகே இருப்போம். விடுமுறை முடிந்து புறப்பட்ட அன்று, தந்தையார் ஒரு பொட்டலம் சேவை எம் பையில் வைத்து, "விடுதிப் பிள்ளைகளுக்கும் கொடு; நீயும் ஒரு பிடி தின்" என்றார். சற்று நேரங் கழித்துத் தாமே நகைத்து, "ஒரு பிடிதான்" என்றார். பேருந்து வைப்பாற்றுப் பாலத்தைக் கடக்கையில் அப்பொட்டலத்தைப் பிரித்தோம். அந்த ஒரு பிடி மிக இனிதாயிருந்தது.